மொத்தக் கொள்முதலும் இல்லச் சிக்கனமும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. சம்பாத்தியம் மட்டும் குடும்பத்தைக் காப்பதில்லை. சாமான் வாங்கும் முறையும் காக்கிறது. மளிகையை மொத்தமாக வாங்குவதால் வரும் இலாபம் என்ன, அது எப்போது நட்டமாகிறது, யாருக்கு அது எட்டாமற் போகிறது என்று இங்கே பார்ப்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 100 கிராம் மிளகாய்த்தூள் பொட்டலம் 40 ரூபாய் என்றும், ஒரு கிலோ 340 ரூபாய் என்றும் கொள்வோம். பத்துப் பொட்டலங்களுக்கு 400 ரூபாய் ஆகும். ஒரே தடவையில் ஒரு கிலோ வாங்கினால் 60 ரூபாய், அதாவது நூற்றுக்கு 15 மிச்சம். பத்துத் தடவை நிறுத்துக் கட்டும் கூலியும் உறைகளின் விலையும் நம் தலையில்தான் விழுகின்றன.

வரியிலும் வேறுபாடு உண்டு. பெயர்ச்சீட்டு ஒட்டி அடைத்த 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் நூற்றுக்கு 5 வீதம் ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு அவ்வரி இல்லை. உடனே 26 கிலோ மூட்டைகள் கடைகளில் தோன்றின! ஒரு கிலோ கூடியதால் வரி நீங்கிய விந்தை இது.

ஆனால், வாங்கியது கெட்டால் மிச்சமும் கெட்டது. சேர்வராயன் மலைப் பகுதியில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் மிளகாயும் மல்லியும் பூசணம் பிடிக்கும். ஆகவே வெயிலில் நன்கு காயவைத்தே டப்பாவில் அடைக்க வேண்டும். அரிசியில் காய்ந்த வேப்பிலை போட்டால் வண்டு அண்டாது. புளியைக் கொட்டையும் நாரும் நீக்கி, உப்பிட்டுச் சாடியில் அடைத்தால் ஆண்டு முழுதும் இருக்கும். எண்ணெயோ நாளானால் சிக்கு வாடை வீசும். மாதத் தேவைக்கு மேல் வாங்கலாகாது. சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குச் சென்று வாங்குவோர் பேருந்துக் கட்டணத்தையும் சுமைக்கூலியையும் கூட்டிப் பார்த்தே இலாபம் சொல்ல வேண்டும்.

இனி, முக்கியமான கேள்விக்கு வருவோம். மொத்தமாக வாங்க மொத்தமாகப் பணம் வேண்டுமே! மாதச் சம்பளக்காரர் மூட்டை வாங்குகிறார். அன்றாடக் கூலி பெறும் தாயோ அன்றைக்குரிய எண்ணெயையும் பருப்பையும் சிறு பொட்டலமாகவே வாங்குகிறாள். இருப்பவர் குறைந்த விலை கொடுக்க, இல்லாதவர் கூடிய விலை கொடுக்கிறார். இது நியாயமா?

இந்த அநியாயத்துக்கு விடை கண்டவர்களும் ஏழைகளே. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலிய 28 பேர் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் முதல் போட்டு, 1844 டிசம்பர் 21-இல் ஒரு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு போன்ற சில பொருள்களே அங்கே இருந்தன. கலப்படம் இல்லை, இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பங்கிட்டனர். நம் சென்னையிலும் 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, நடுத்தரக் குடும்பங்களுக்கு மளிகை வழங்கியது. தனி ஒருவரால் இயலாத மொத்தக் கொள்முதல் பலர் கூடியபோது இயன்றது.

நம் குப்பனூரிலும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். பக்கத்து வீட்டார் ஐவர் கூலி நாளில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்து, மாதம் ஒரு முறை ஒன்றாக வாங்கி, எடை போட்டுப் பிரித்துக் கொள்ளட்டும். ஒருவர் போய்வரும் செலவை ஐவரும் பகிரலாம். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி எல்லார் முன்னும் படிக்க வேண்டும். கணக்குச் சுத்தமாக இருந்தால்தான் நட்பு நிலைக்கும். கூட்டலும் வகுத்தலும் கற்ற நாம் அந்த நோட்டை எழுத முன்வரலாம் அல்லவா?

தோழியரே, சிறு துளி பெருவெள்ளம். ஆனால் துளிகள் ஒன்று சேர்ந்தால்தான் வெள்ளம்!