விண்வெளிக் குழந்தைக்குக் கம்ப்யூட்டர் டாக்டர்: நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் இரவு கதவைத் தட்டினார். "சார், பேத்திக்குக் காய்ச்சல். ஏ.ஐ.கிட்ட கேட்டேன். எந்த மருந்து, எத்தனை மில்லின்னு டக்குன்னு சொல்லிடுச்சு. கொடுத்துடலாமா?"

"குழந்தையோட எடையைக் கேட்டுச்சா?" என்றேன்.

"இல்லையே!"

முதலில் டாக்டருக்குப் போன் செய்யுங்கள் என்று அவரை அனுப்பிவைத்தேன். இது எல்லா வாசகர்களுக்கும் பயன்படும் பாடம் என்று தோன்றியது. ஒரு கற்பனையோடு ஆரம்பிப்போம்.

கி.பி. 2090

செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்களின் குடியிருப்பு. சுகாதார அதிகாரி ஒருவர் மேடையேறி, "இனி நம் குழந்தைகளுக்கு ஏ.ஐ. மருத்துவம்தான். டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. உங்கள் மடியில் ஒரு குழந்தை இருக்கிறது. நீங்களும் கைதட்டுவீர்களா?

அதிகாரி சொல்வதில் நியாயம் உண்டு

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்த ஒருவருக்குக் கழுத்து ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. பூமியிலிருந்த டாக்டர்களின் ஆலோசனைப்படி அங்கேயே சிகிச்சை நடந்தது. 2020இல் இந்த விவரம் மருத்துவ இதழில் வெளியானது.

செவ்வாயில் இப்படிப் பேச முடியாது. ரேடியோ சிக்னல் ஒருவழி போகவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். கேள்விக்குப் பதில் வர 44 நிமிடம்கூட ஆகலாம். குழந்தைக்கு வலிப்பு வந்தால் அதுவரை காத்திருக்க முடியுமா? அதனால்தான் 2025இல் நாசாவும் கூகுளும் சேர்ந்து, விண்வெளி வீரர்களுக்கு உதவும் ஏ.ஐ. மருத்துவ உதவியாளரைச் சோதித்துப் பார்த்தன.

எப்படி வேலை செய்கிறது?

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'மைசின்' என்ற புரோகிராம் உருவானது. 'இப்படி இருந்தால் இது நோய்' என்பதுபோல் சுமார் 600 விதிகள் அதில் இருந்தன. எக்ஸெலில் 'இஃப்' ஃபார்முலா போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். மைசின் கேள்விகள் கேட்கும். எடைக்கு ஏற்ப மருந்தின் அளவைச் சொல்லும். "ஏன் இதைக் கேட்கிறாய்?" என்றால் காரணமும் சொல்லும்.

இன்றைய ஏ.ஐ.க்கு யாரும் இப்படி ஒவ்வொரு விதியாக எழுதித் தருவதில்லை. அது ஏராளமான டேட்டாவைப் படித்துத் தானே கற்றுக்கொள்கிறது. டேட்டா நிறைய உள்ள விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லும். டேட்டா இல்லாத விஷயத்திலும் அதே தைரியத்தோடு பதில் சொல்லிவிடும். ஆபத்து இங்கேதான்.

கேட்க வேண்டிய கேள்வி

எனவே அந்த அதிகாரியிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "இது எந்தக் குழந்தைகளின் டேட்டாவைப் படித்தது?"

இதுவரை ஒரு குழந்தைகூட விண்வெளிக்குப் போனதில்லை. போனவர்களில் மிக இளையவரான ஆலிவர் டேமனுக்கு அப்போது வயது 18. 2021இல் அவர் போய்வந்தது சுமார் பத்து நிமிடப் பயணம். செவ்வாயின் ஈர்ப்பு விசை பூமியில் உள்ளதில் 38 சதவீதம்தான். அங்கே ஒரு குழந்தையின் எலும்பு எப்படி வளரும் என்று யாரும் பார்த்ததில்லை. பெரியவர்களின் கணக்கைப் பாதியாக்கிக் குழந்தைக்குப் போடவும் முடியாது. குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவை.

பூமிக் குழந்தைகள் விஷயத்திலேயே சிக்கல் உண்டு. 2024இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தை மருத்துவத்தின் 100 கடினமான கேஸ்களைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்தார்கள். 83இல் சரியான முடிவு வரவில்லை. அதன் பிறகு புதிய பதிப்புகள் வந்துவிட்டன. இருந்தாலும் சரிபார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. எக்ஸெலைத் திறந்து முதல் வரிசையில் தேதி, நேரம், காய்ச்சல் அளவு, எடை, கொடுத்த மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து என்று டைப் செய்யுங்கள். காய்ச்சல் வரும்போதெல்லாம் பதிவு செய்து, பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

2. ஏ.ஐ.யிடம் "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்று கேட்காதீர்கள். "டாக்டரிடம் நான் என்னென்ன கேட்க வேண்டும்?" என்று கேளுங்கள்.

3. வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தாலோ, மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ கம்ப்யூட்டர் பக்கமே போகாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு வந்தார். பேத்திக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. டாக்டர் போனில் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "குழந்தை எத்தனை கிலோ?"