பிள்ளை சரியா உட்காரலையா, பெஞ்சு சரியில்லையா?



எங்கள் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடிந்து தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் நேரம். ஒரு உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டாங் கிளாஸ் படிக்கிற எம் பொண்ணு ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்குறாளாம். காலை ஆட்டிக்கிட்டே இருக்காளாம், எழுத்தும் கோணலாம். நானும் ரெண்டு அடி போட்டுட்டேன் அக்கா." அதே பிள்ளை வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு எழுதினால் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. அது எப்படி?

மறுநாள் நாலு பேர் பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தோம். பெரிய வகுப்புக்குச் செய்த பெஞ்சை, பழசானதும் சின்னப் பிள்ளைகளுக்குத் தள்ளி விட்டிருக்கிறார்கள். பிள்ளையின் கால் தரையைத் தொடவில்லை. டெஸ்க்கோ நெஞ்சுக்கு நேராக நிற்கிறது.

கால் அந்தரத்தில் தொங்கினால் பெஞ்சின் விளிம்பு தொடைக்குக் கீழே அழுத்தும், கால் மரத்துப் போகும். பிள்ளை நெளியும், முன்னால் நகர்ந்து நுனியில் உட்காரும், காலை ஆட்டும். நாம் அதைக் குறும்பு என்கிறோம். டெஸ்க் உயரமாக இருந்தால் தோளைத் தூக்கிக்கொண்டுதான் எழுத முடியும். கொஞ்ச நேரத்தில் தோள் கடுக்கும், எழுத்து இழுத்துக்கொண்டு போகும்.

அளந்து பார்க்க டேப் கூட வேண்டாம், ஒரு கயிறு போதும். பிள்ளையை உட்கார வைத்து, பாதத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து முடிச்சுப் போடுங்கள். பெஞ்சு அந்த உயரம்தான் இருக்க வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளைக்கு இது ஏறக்குறைய 12 அங்குலம் வரும். பெரியவர்கள் உட்காரும் நாற்காலி 18 அங்குலம். வித்தியாசத்தைப் பாருங்கள்! அடுத்து, தோளைத் தொங்கவிட்டு கையை மடக்கச் சொல்லுங்கள். முழங்கை நிற்கும் உயரத்துக்குச் சற்று மேலே டெஸ்க் பலகை வர வேண்டும். நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால், பெஞ்சு விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் மூன்று, நாலு விரல் இடம் இருக்கணும்.

ஒரே வகுப்பிலும் குட்டையும் நெட்டையும் உண்டு. அதனால் எல்லாம் ஒரே அளவாக வாங்காமல், இரண்டு மூன்று அளவில் வாங்கச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் விலையைப் பார்ப்பார், எண்ணிக்கையைப் பார்ப்பார். உட்காரப் போகிற பிள்ளையை யார் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்கிறார்கள்? நமக்கு ஜாக்கெட் தைக்கக்கூட அளவு எடுக்கிறோமே!

கரும்பலகைக்கு வருவோம். நம் மாநிலத்தில் 2007-08இல் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தபோது, சுவரின் அடிப்பக்கத்தில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அடித்தார்கள். பிள்ளையின் உயரத்தை யோசித்துச் செய்த வேலை அது. பெரிய பலகையில் வேறு தொல்லை. பெயின்ட் மினுமினுப்பாக இருந்தாலோ, ஜன்னல் வெளிச்சம் நேராகப் பட்டாலோ ஓரத்தில் இருக்கிற பிள்ளைக்கு வெள்ளையாகத்தான் தெரியும். அங்கே நீங்களே போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

புத்தகப் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு புத்தகப்பைக் கொள்கை சொல்கிறது. 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ, அவ்வளவுதான்.

கழிப்பறைத் தாழ்ப்பாள் வகுப்பறைச் சாமான் இல்லைதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. தாழ்ப்பாள் எட்டவில்லை, அல்லது துருப்பிடித்து நகரவில்லை என்றால் பெண் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அடக்கி வைத்து நீர்க்கடுப்பு வருகிறது. கொண்டு போன தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் எங்கே கேட்பது? கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நம் குழுப் பெண்கள் பலர் அதில் இருக்கிறோம், ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு முடிச்சுப் போட்ட கயிற்றோடு போங்கள். கிராம சபையிலும் பேசலாம்.

நாங்கள் பார்த்த பள்ளியில் தலைமையாசிரியரிடம் சொன்னதும் அவரே அளந்து பார்த்தார். மர பெஞ்சு, டெஸ்க் கால்களைத் தச்சர் அறுத்துக் கொடுத்தார், ஒரு நாள் வேலை. இரும்புக் கால் போட்டவற்றை அறுக்க முடியவில்லை. அதற்குக் கீழே பாதம் வைக்கக் குறுக்குப் பலகை கட்டிக் கொடுத்தோம். அந்தப் பெண் இப்போது காலை ஊன்றி உட்காருகிறாள். இடது கையால் எழுதுகிறவள் என்பதும் அன்றைக்குத்தான் கவனத்துக்கு வந்தது. பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காமல் இருக்க, பெஞ்சின் இடது ஓரத்துக்கு அவளை மாற்றி விட்டார் டீச்சர்.