பள்ளியிலிருந்து வந்த தாள்

எங்கள் வகுப்பு மாலை ஆறரை மணிக்கு. இடம் தொடக்கப் பள்ளியின் வராந்தா. பகலில் பிள்ளைகள் உட்காரும் அதே இடத்தில் மாலையில் அம்மாக்கள் உட்காருவார்கள். பதினாறு பேர் பெயர் கொடுத்தார்கள். தினமும் வருவது பத்துப் பேர்தான். மழை பெய்தால் அதுவும் இல்லை.

ஒரு நாள் பூக்கட்டும் அக்கா கையில் ஒரு தாளோடு வந்தார். நான்காக மடித்த தாள். ஓரத்தில் குழம்புக் கறை.

"பாப்பா பையில நாலு நாளா கெடந்துச்சு. என்னன்னு தெரியல. நீ படிச்சுச் சொல்லு தங்கச்சி" என்றார்.

நான் கையை நீட்டவில்லை.

"நீங்களே படிங்க அக்கா. அஞ்சு மாசமா படிச்சது எதுக்கு?" என்றேன்.

அக்காவின் முகம் சுருங்கியது. ஆனாலும் தாளைத் தரையில் விரித்தார். விரலை எழுத்தின் மேல் வைத்தார். மெல்லப் படித்தார். நீங்களும் படியுங்கள்.

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.
வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடைபெறும்.
அன்று பகல் 2 மணி முதல் பிள்ளைகள் வரைந்த படங்கள் வகுப்பறையில் இருக்கும். பெற்றோர் வந்து பார்க்கலாம்.
சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கண் பரிசோதனை. எல்லாப் பிள்ளைகளும் வரவேண்டும்.
வாரம் ஒரு கதைப் புத்தகம் வீட்டுக்குக் கொடுக்கிறோம். பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அருகில் உட்கார்ந்து கேளுங்கள்.
தலைமை ஆசிரியர்

படித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. "மேலாண்மை" என்ற சொல்லில் மூன்று முறை தடுக்கி விழுந்தார். மேலாண்மை என்றால் பொறுப்பாகப் பார்த்து நடத்துவது. ஒரு வீட்டை நீங்கள் நடத்துகிறீர்களே, அதுவும் மேலாண்மைதான்.

பக்கத்தில் இருந்த கொத்தனார் வீட்டு அக்கா கேட்டார்: "கண்ணு பாக்குறாங்களா? போன வருசமும் இப்படி ஒரு தாள் வந்துச்சே. அதுல வடை மடிச்சுட்டேனே!"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மகன் புத்தகத்தை மூக்கின் அருகே பிடித்துத்தான் படிப்பான். பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பது ஒரு வருடம் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

இந்தச் செய்தி வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் பல வீட்டில் ஒரே போன்தான். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி வரும்போது சார்ஜ் இருக்காது. அதனால் தாள் வேண்டும். தாளைப் படிக்கத் தெரிந்த ஆளும் வீட்டில் வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா கைநாட்டு. நான் ஏழாவது படிக்கும்போது கணக்கில் 23 மார்க் வாங்கினேன். "எழுபத்து மூன்று" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சந்தோஷமாகப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். அன்று தப்பித்தேன் என்று நினைத்தேன். பன்னிரண்டாவது வரை படித்தும் எனக்குக் கணக்கு வரவே இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் அன்றே பிடித்திருப்பார்.

சரி, தாளுக்கு வருவோம்.

பள்ளி மேலாண்மைக் குழு என்பது என்ன? 2009-ஆம் ஆண்டு இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி உரிமை என்பது அந்தச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் ஒரு குழு இருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கர்நாடகத்தில் எஸ்.டி.எம்.சி. என்பார்கள். வேறு மாநிலங்களில் எஸ்.எம்.சி. என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பிள்ளைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழுவில் 20 பேர் என்றால் 15 பேர் பெற்றோர். 10 பேர் பெண்கள். ஆசிரியர்களைவிட நாம்தான் அதிகம். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது குழுவின் வேலை. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று திட்டம் போடுவதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலை.

மத்திய அரசின் விதியில் இன்னும் ஒன்று இருக்கிறது. குழு மாதம் ஒருமுறையாவது கூடவேண்டும். அங்கே பேசியதையும் முடிவு செய்ததையும் எழுதி வைக்கவேண்டும். எழுதியதை மக்கள் பார்க்கலாம்.

இதைச் சொன்னதும் பூக்கட்டும் அக்கா மெல்லச் சொன்னார்: "நானும் அந்தக் குழுவுல இருக்கேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

"போன வருசம் எல்லாரையும் கூப்பிட்டாங்க. கைதூக்கச் சொன்னாங்க. என் பேரையும் சொன்னாங்க. அப்புறம் அப்பப்ப நோட்டு வரும். பூ கட்டிக்கிட்டே இருப்பேன். விரலை நீட்டுவேன். மை தடவிட்டுப் போயிருவாங்க."

எத்தனை முறை என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை.

வெள்ளிக்கிழமை ஏழு பேர் போனோம். முதலில் பிள்ளைகளின் படங்களைப் பார்த்தோம். ஒரு பையன் யானைக்கு ஐந்து கால் போட்டிருந்தான். கேட்டால் "ஒண்ணு தும்பிக்கை" என்றான். அக்காவின் மகள் வரைந்தது பூக்கடை. நடுவில் அம்மா. அம்மா கையில் பூ இல்லை, புத்தகம் இருந்தது. அக்கா அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

பிறகு சமையலறைப் பக்கம் போனோம். சுவரில் பலகை இருந்தது. இத்தனை நாளும் அது எங்களுக்கு வெறும் சுவர். இப்போது படித்தோம். நாடு முழுவதற்குமான அளவு அதில் எழுதியிருந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தானியம் 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம்.

இட்லிக்கடை அக்கா உடனே மனக்கணக்குப் போட்டார். "நூறு பிள்ளை சாப்பிட்டா அரிசி பத்துக் கிலோ. பருப்பு ரெண்டு கிலோ. காய் அஞ்சு கிலோ. எண்ணெய் அரைக் கிலோ." அவர் வகுப்பில் இன்னும் "ழ" எழுதச் சிரமப்படுகிறார். கணக்கில் என்னைத் தோற்கடிப்பார். அன்று சாம்பாரை ஒரு கரண்டி வாங்கி ருசி பார்த்தார். "பருப்பு இருக்கு. காய் கொஞ்சம் குறைச்சல்தான்" என்று சமைக்கும் அம்மாவிடமே சொன்னார். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஓர் ஆசிரியரும் பெரியவர்களும் ருசி பார்க்கவேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு விதி. ஆகவே பெற்றோர் ருசி பார்ப்பதை யாரும் குறையாக நினைக்கவேண்டாம்.

மூன்று மணிக்குக் கூட்டம். பெரிய டீச்சர் நல்லபடியாகவே பேசினார். டீ கொடுத்தார். கடைசியில் நோட்டு வந்தது. கூடவே மைப்பெட்டியும் வந்தது.

அக்கா மைப்பெட்டியைத் தள்ளி வைத்தார். "நான் கையெழுத்துப் போடுவேன் டீச்சர். ஆனா முன்னாடி எழுதினதைக் கொஞ்சம் பாக்கணும்" என்றார்.

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பயம்தான். இந்த வராந்தாவை வகுப்புக்குக் கொடுத்திருப்பவர் அவர். நாளைக்கு வேண்டாம் என்றால் எங்கே போவது?

அக்கா பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்துப் படித்தார். அறையில் சத்தமே இல்லை. "மா... ண... வி... கள்... மாணவிகள். க... ழி... கழிப்... கழிப்பறை." நின்றார். மூச்சு விட்டார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"மாணவிகள் கழிப்பறை நல்ல நிலையில் பயன்பாட்டில் உள்ளது."

அதன் கீழே ஒன்பது பெயர்கள். நான்காவது பெயர் அக்காவுடையது. பெயருக்கு எதிரே அவருடைய பெருவிரல் ரேகை.

அந்தக் கழிப்பறை பூட்டி ஐந்து மாதம் ஆகிறது. மோட்டார் எரிந்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் இல்லை. பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, நாலு மணிக்கு வீட்டுக்கு ஓடி வருவார்கள். அக்காவின் மகளுக்கு அதனால் அடிக்கடி அடிவயிற்று வலி. தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் இருந்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி வளரும். அந்த வலிக்கு அக்கா இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தார். அந்த மாதங்களில்தான், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவர் விரலே சாட்சி சொல்லியிருக்கிறது.

"டீச்சர், இது நான் வச்ச கைநாட்டா?"

"ஆமாம்மா. முன்னாடி எழுதினதைப் பாத்துப் பாத்து அப்படியே எழுதுறது வழக்கமாயிருச்சு. மேலேயும் எழுதிக் கேட்டிருக்கேன். தண்ணி இல்லாம திறந்து வச்சா நாறிப்போகுது. அதான் பூட்டினேன்."

அவர் சொன்னது பொய் இல்லை. நான்கு ஆசிரியர்கள், 112 பிள்ளைகள், தினமும் ஏதாவது ஒரு கணக்கு எழுதி அனுப்பும் வேலை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வரி அந்த நோட்டில் இருந்தது. பூட்டும் கதவில் இருந்தது.

அக்கா சண்டை போடவில்லை. "அப்ப இன்னைக்கு உள்ளதை எழுதுவோம். நானே எழுதுறேன்" என்றார். பேனாவை வாங்கினார். அவர் எழுதியது இது:

பென்கள் கழிப்பறை 5 மாதமா பூட்டி இருக்கு. மோட்டார் ரிப்பேர். தன்னீர் இல்லை. சரி செய்யனும்.

"பெண்கள்" என்று எழுதவேண்டும். "தண்ணீர்" என்று எழுதவேண்டும். "செய்யணும்" என்பதிலும் பிழை. திருத்த என் கை துடித்தது. திருத்தவில்லை. கீழே அவர் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள்.

அடுத்துப் பணத்துக்கு வழி என்ன என்ற பேச்சு வந்தது. ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் ஒரு மானியம் உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அது மாறும். திட்ட விதிப்படி, 100 பிள்ளைகளுக்கு மேல் 250 வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கிடைக்கும். அதில் பத்தில் ஒரு பங்காவது சுத்தம், சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும். பத்தில் ஒரு பங்கு 5,000 ரூபாய். மோட்டாருக்குக் காயில் கட்ட மெக்கானிக் கேட்டது 3,800 ரூபாய். இதையும் இட்லிக்கடை அக்காதான் போனில் விசாரித்துச் சொன்னார். அவர் குழுவில் இல்லை. ஆனால் எழுந்துபோகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

குழுவில் இல்லாத பெற்றோர் என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கடிதம் எழுதலாம். நாங்கள் மறுநாள் வகுப்பில் எழுதிப் பழகியதைக் கீழே தருகிறேன். புள்ளி உள்ள இடத்தில் உங்கள் விவரத்தை எழுதுங்கள்.

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.
என் பெயர் ........ என் பிள்ளை ........ வகுப்பில் படிக்கிறாள்.
பள்ளியில் ........ சரியாக இல்லை. அதனால் பிள்ளைகள் சிரமப்படுகிறார்கள்.
அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.
தேதி ........ கையெழுத்து ........

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுங்கள். மற்றொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள். அதில் வடை மடிக்காதீர்கள் என்று கொத்தனார் வீட்டு அக்கா சொல்லச் சொன்னார். அவர் மகனுக்கு இப்போது கண்ணாடி வந்துவிட்டது. வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு கரும்பலகையைப் படிக்கிறானாம்.

மூன்று வாரம் கழித்து மோட்டார் ஓடியது. பூட்டு திறந்தது. அக்காவின் மகள் காலையில் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் முன்பெல்லாம் நிறைந்தபடியே திரும்பி வரும். இப்போது காலியாக வருகிறது. சாயங்காலம் அக்கா முதலில் பார்ப்பது அதைத்தான்.

போன கூட்டத்தில் மைப்பெட்டி வந்தது. ஆனால் நான்கு பேர், "முதல்ல எழுதினதைப் படிங்க டீச்சர், அப்புறம் கையெழுத்து" என்று சொல்லிவிட்டார்கள். பெரிய டீச்சர் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தார். முடிய ஐந்தே கால் மணி ஆயிற்று. அவருடைய பஸ் போய்விட்டது. பாவம், இட்லிக்கடை அக்காவின் தம்பி பைக்கில் கொண்டுபோய் விட்டான்.

இரண்டாவது கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்கிறாள். நோட்டில் எழுதியாயிற்று. "தாழ்ப்பாள்" என்ற சொல்லை அக்கா வகுப்பில் முதல் நாளே நான்கு முறை எழுதிப் பார்த்துக்கொண்டு போனார்.