கடலும் இரும்பும் கணிப்பொறியும்

முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற ஊர் தூத்துக்குடி. முத்துக்குளிப்பு நடந்த நாளில், முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுப் பருமன் வாரியாகப் பிரித்தனர். சல்லடை காட்டுவது பருமனை மட்டுமே. முத்தின் ஒளியையும் உருட்சியையும் கண்டு விலை மதித்தது வல்லுநரின் கண்ணேயாகும். 1961-ஆம் ஆண்டுக்குப்பின் அங்கு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் அச்சல்லடை உணர்த்தும் உண்மை இன்றைய அறிவியலுக்கும் பொருந்தும்.

துறைமுகத்தில் கடல்நீர் இரும்பை ஓயாது அரிக்கின்றது. இவ்வரிப்பு ஒரு மின்வேதிச் செயலாகும். இரும்பணுக்கள் மின்னணுக்களை இழந்து நீரில் கரைகின்றன. அதனால் எழும் மின்னோட்டத்தைக் கொண்டு அரிப்பின் விரைவை அறியலாம். இத்துறையை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், வள்ளல் அழகப்பச் செட்டியாரின் பெருங்கொடையால் காரைக்குடியில் எழுந்து, 1953-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அதன் கடல்சார் ஆய்வு மையம் ஒன்று தூத்துக்குடித் துறைமுகப் பகுதியில் நிறுவப்பட்டது.

அளவுக் கருவி நொடிக்குப் பத்துமுறை மின்னோட்டத்தைக் குறிக்குமாயின், ஒரு மணி நேரத்தில் 36,000 எண்கள் சேரும். இவற்றைக் கையால் கணக்கிடுதல் அரிது. ஆதலின் ஆய்வு மாணவர் பைத்தான் போன்ற நிரல்மொழிகளைக் கற்கின்றனர். நிரல் என்பது கணிப்பொறி செய்யவேண்டியவற்றை வரிசையாக எழுதித் தரும் கட்டளைத் தொகுதி. எண்களைப் படித்தல், வரைபடமாக்கல், அரிப்பு விரைவைக் கணித்தல் எனப் படிப்படியாக இதனைப் பயிலவேண்டும்.

ஒரு சதுர சென்டிமீட்டர் இரும்புப் பரப்பில் அரிப்பு மின்னோட்டம் ஒரு மைக்ரோஆம்பியர் எனின், ஃபாரடேயின் விதிப்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 0.0116 மில்லிமீட்டர் இரும்பு தேயும். நிரலில் மைக்ரோஆம்பியரை மில்லிஆம்பியர் எனப் பிழையாகக் கொண்டால், விடை ஆயிரம் மடங்கு பெருகி 11.6 மில்லிமீட்டராகும். உறுதியான தூணை வீணே இடிக்க நேரும். பிழை தலைகீழாக நேர்ந்தாலோ, இற்றுப்போகும் தூணை நம்பி மக்கள் அதன்மேல் நிற்பர். இரண்டிடத்தும் கணிப்பொறி தடையின்றி விடை தரும். ஐயுறுதல் அதற்கு இயல்பன்று.

ஆகவே புதிய நிரலை உடனே நம்பலாகாது. முன்னரே எடையிட்ட இரும்புத் தகட்டைக் கடல்நீரில் சின்னாள் மூழ்கவைத்து, துருவை நீக்கி, மீண்டும் எடையிடல் வேண்டும். குறைந்த எடையும் நிரல் தந்த விடையும் ஏறக்குறைய ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடில் பிழையைத் தேடுக.

சல்லடை முத்தைப் பிரித்தது, மனிதன் மதிப்பிட்டான். கணிப்பொறி எண்களைக் கணக்கிடுகின்றது; அவற்றின் பொருளை ஆராய்தல் நம் கடமையாகும். நிரலைக் கற்பதோடு அதனைச் சோதிக்கவும் கற்போமாக!