மொட்டைமாடித் தளத்தின் முன்னறிகுறிகள்

தமிழ்நாட்டு வீடுகளின் மொட்டைமாடி பார்வைக்குச் சமமாகத் தோன்றினாலும், மழைநீர் குழாய்வாயை நோக்கி ஓடும்படி, 10 அடிக்கு ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் என்ற அளவில் ‘வாட்டம்’ எனப்படும் மெல்லிய சரிவுடன் அமைக்கப்படுகிறது. கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடிக்கப்படும் சுருக்கி அடுக்கும், அதன்மேல் பதிக்கப்படும் தட்டோடும் அத்தளத்துக்குக் காப்பாகின்றன. தேய்மானம் இக்காப்பில்தான் முதலில் தெரியும்.

மழை நின்று 48 மணி நேரம் கடந்தும் ஓரிடத்தில் நீர் நின்றால் அங்கே வாட்டம் கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். நீர் வற்றிய பின்னும் வண்டல் படிந்த வளையமும் அதனுள் கறுத்த பாசியும் எஞ்சுவதால், கோடையிலும் அவ்விடத்தைக் கண்டுகொள்ள முடியும். தட்டோட்டை ஒரு நாணயத்தால் தட்டும்போது கெட்டியான ஓசைக்கு மாறாகப் பொள்ளலான ஓசை எழுமானால், ஓடு தன் கலவையை விட்டுப் பிரிந்து, இடுக்குவழி இறங்கும் நீருக்கு அடியில் வழிவிட்டிருக்கிறது. அவ்வாறு இறங்கிய நீர் தளத்தினுள் நெடுந்தொலைவு ஊர்ந்து செல்லக்கூடும் என்பதால், கூரையின் அடியில் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர்மேலே மட்டும் பழுதைத் தேடுவது பெரும்பாலும் வீண்வேலையாகிறது.

மிகுந்த கவனம் வேண்டுவது கைப்பிடிச் சுவரின் அடிப்பகுதியாகும். செங்கற்சுவரும் கான்கிரீட் தளமும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், இரண்டும் சேரும் மூலையில் தலைமுடி போன்ற விரிசல் விழுகிறது. ஒழுக்குகளில் பல அங்கிருந்தே தொடங்குகின்றன. அவ்விரிசலில் வேர்விடும் அரசங்கன்றைக் கிள்ளி எறிவதால் பயனில்லை. வேர் உள்ளே உயிரோடிருந்து மீண்டும் துளிர்க்கும்.

கூரையின் அடிப்புறத்தில் தோன்றும் வெண்படலம், கசியும் நீர் கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கொணர்ந்து விட்டுச்செல்லும் உப்பாகும். அது கசிவு நெடுநாளாக நிகழ்வதைக் காட்டுகிறது. சீரான இடைவெளியில் நேர்கோடாக ஓடும் பழுப்பு விரிசல் அதனினும் கொடிது. இரும்பு துருவாகும்போது தன் பருமனைப்போல் 2 முதல் 6 மடங்கு வரை பெருகுவதால், உள்ளிருக்கும் கம்பியே கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளிவருகிறது. உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நிகழும். இந்நிலையிலும் மேலே மற்றொரு சிமென்ட் அடுக்குப் போட்டு மூடும் வழக்கம் நலிந்த தளத்தின்மேல் சுமையைக் கூட்டுவதேயன்றி வேறில்லை என்பதால், அது அறவே கைவிடத்தக்கது.

நீர்த்தடுப்புப் பூச்சுகளில் பெரும்பாலானவை காய்ந்த பரப்பிலேயே பற்றுமாதலால், பழுதுபார்க்கும் பணியை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பூச்சு உதிர்ந்து கம்பி வெளியே தெரியும் அறையிலோ, கட்டடப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லும்வரை எவரும் படுத்துறங்கக் கூடாது.