விரலுக்குத் தெரியாத மின்சாரம்

நம் நாட்டு ஈரக்காற்றில் நிலைமின்சாரம் அதிகம் தங்காது என்று வகுப்பில் போதித்தவன் அடியேன். குளிரூட்டி அறையில் காற்று வறண்டிருக்கும் என்பதை மறந்துவிட்டேன். கோயில் அலுவலகக் கணினிக்கு அன்பர் ஒருவர் வழங்கிய நினைவகப் பலகையை, பாலியெஸ்டர் சட்டையோடு, வெறுங்கையால் எடுத்துப் பொருத்தினேன். விரலில் சுரீரென்று ஒன்றும் படவில்லை. பலகை மட்டும் வேலை செய்யவில்லை. நன்கொடைப் பொருள்!

சுமார் 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் நம் விரலுக்குத் தெரியும். 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே கெடும் நுண்சில்லுகள் உண்டு. சில, மாதங்கள் கழித்தே பழுதாகும்.

இப்போது மின்செருகியைக் கழற்றி, நிலத்தொடர்புள்ள மணிக்கட்டுப் பட்டை அணிந்த பிறகே பெட்டியைத் திறக்கிறோம். பட்டையின் கம்பியில் 1 மெகா ஓம் மின்தடை உண்டு; தவறி மின்சாரம் பட்டால் அது ஆளைக் காக்கும். ஆகவே வெறுங்கம்பியைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டாம். பலகையை விளிம்பில் பிடியுங்கள். பொருத்தும்வரை வெள்ளிநிறப் பையிலேயே இருக்கட்டும். பட்டை அலுவலக மேசையின் முதல் இழுப்பறையில் இருக்கிறது. தொண்டர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.