சிடிஐ மேல் பழியைப் போடும் முன்

ஃபைபர் போட்டில் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் கரையில் நிற்பவர்கள் சொல்லும் முதல் தீர்ப்பு, "சிடிஐ போச்சுண்ணே." இராமநாதபுரக் கரையில் அவுட்போர்டு எஞ்சின்களோடு மல்லுக்கட்டும் எனக்கு இந்தத் தீர்ப்பில் நம்பிக்கை குறைவு. பிளக்குக்கு ஸ்பார்க் அனுப்பும் இந்த சிடிஐ பெட்டி போகும்தான். ஆனால் அதற்கு முன்னால் போவதற்கு வயர், எர்த்து, பிளக், சுவிட்ச் என்று எத்தனையோ இருக்கின்றன. அந்தப் பெட்டியைச் சோதித்துப் பார்க்க வழி தெரியாததால்தான் எல்லாரும் அதன் மேல் பழி போடுகிறார்கள்.

முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் கோளாறு எண்ணெய்ப் பக்கம். நனைந்திருந்தால் எண்ணெய் வந்திருக்கிறது, ஸ்பார்க்தான் சந்தேகம். இதிலும் ஒரு சூது உண்டு. நம் பக்கம் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிறோம். கரை சேரும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றாமல் அப்படியே அணைத்துவிட்டால், மறுநாள் கார்பரேட்டரில் கிடப்பது மண்ணெண்ணெய். குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது, பிளக்கை நனைத்துவிட்டுப் போகும். அது கரண்ட் கோளாறே அல்ல. புது பிளக் வாங்கும்போது அதன் நம்பரையும் பாருங்கள்: என்ஜிகே பி7எச்எஸ்-10 என்றால் கடைசி 10, இடைவெளி 1.0 மி.மீ. என்பதைச் சொல்கிறது.

ஸ்பார்க் பார்க்கும்போது எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் பிளக் துளையிலிருந்து எண்ணெய் ஆவி பீய்ச்சி அடிக்கும். பக்கத்திலேயே பொறி பறந்தால் தீதான். எல்லா பிளக்குகளையும் கேப்பில் மாட்டி, துளையை விட்டுத் தள்ளி, எஞ்சின் இரும்பில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். கேப்பை வெறுமனே தொங்கவிட்டு இழுத்தால் நல்ல சிடிஐயும் கெட்டுப்போகலாம்.

எந்த சிலிண்டரிலும் ஸ்பார்க் இல்லையா? உடனே ஸ்டாப் வயருக்குப் போங்கள். வீட்டு சுவிட்சில் வயர் சேர்ந்தால் விளக்கு எரியும். இந்த எஞ்சின்களில் ஸ்டாப் வயர் எர்த்தோடு சேர்ந்தால் எஞ்சின் நிற்கும். ஆகவே கில் சுவிட்சுக்குள் உப்புத்தண்ணீர் இறங்கிப் பூத்துப்போனால், யாரோ ஸ்டாப்பை அழுத்திக்கொண்டே இருப்பதாக சிடிஐ நினைத்துக்கொள்ளும். யமஹாவில் வெள்ளை வயர் ஸ்டாப், கறுப்பு எர்த்து. வெள்ளையைக் கனெக்டரில் பிரித்துவிட்டு இழுத்துப் பாருங்கள். ஸ்பார்க் வந்துவிட்டால் சுவிட்சையோ, சுவிட்சுக்குப் போகும் வயரையோ மாற்றினால் போதும். பிரித்த நிலையில் எஞ்சின் ஓடிவிட்டால் சுவிட்சால் அணையாது. சோக்கை இழுத்து அணைக்க வேண்டும்.

ஒரு சிலிண்டரில் மட்டும் ஸ்பார்க் இல்லையென்றால் பிளக்கை இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் அந்த பிளக்தான். சிலிண்டருக்குத் தனித்தனி இக்னிஷன் காயில் உள்ள எஞ்சினில் காயிலையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம்.

படுத்தி எடுப்பது சூட்டுக் கோளாறு. அரை மணி நேரம் நன்றாக ஓடி, நின்று, ஆறியதும் மறுபடி பிடிக்கும். ஃபிளைவீலுக்கு அடியில் உள்ள காயிலின் சுற்று சூட்டில் விட்டுப்போகிறது என்று சந்தேகப்படலாம். ஆறிய பிறகு ஓம் அளந்தால் கணக்குச் சரியாகவே இருக்கும். நின்ற கையோடு, சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். சிடிஐக்கு வரும் வோல்ட்டைச் சாதாரண மல்டிமீட்டர் சரியாகக் காட்டாது. உச்ச வோல்ட்டைப் பிடிக்கும் அடாப்டர் வேண்டும். அது கையில் இல்லாமல் "சிடிஐ செத்தது" என்று சொல்கிறவர் குறி சொல்கிறார்.

வயரை வெளியில் பார்த்து நம்பாதீர்கள். செம்பில் களிம்பு ஏறினால் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும். இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள்; உறை ரப்பர் போல நீண்டால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன. வெள்ளீயம் பூசிய வயர் போடுங்கள். இணைப்பில் கறுப்பு டேப் சுற்றும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அது உப்புத்தண்ணீரை வெளியே விடாமல் காவல் காக்கும். உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய்தான் கடலுக்குத் தாங்கும். எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டிப் பளபளப்பாக்கி மாட்டுங்கள்.

பேட்டரியில் ஸ்டார்ட் ஆகும் எஞ்சின் என்றால்: ஓய்வில் 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.2 ஏறக்குறைய பாதி. ஸ்டார்ட் அழுத்தும்போது பேட்டரி முனையிலேயே 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். அங்கே சரியாக இருந்து ஸ்டார்ட்டரில் குறைந்தால் கேபிள். பிளஸ் மைனஸ் மாறினால் ரெக்டிஃபையர் அந்த நொடியே போய்விடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றவும் கூடாது.

ஒரு வேண்டுகோள். சோதனைக்காகப் பிரித்த வெள்ளை வயரை அப்படியே விட்டுக் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால், எஞ்சினை நிறுத்த அந்த வயரும், கில் சுவிட்சிலிருந்து கையில் மாட்டிய கயிறும்தான் உண்டு. சுவிட்சை மாற்றுங்கள், வயரை மாட்டுங்கள், கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.